பவானி தேவியை யாருக்குத் தெரியும்?

கேள்வி: அவிநாசி பக்கம் சேவூரிலிருந்து எழுதுகிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் நிட்டிங்கில் இருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் பள்ளியில் வாள்வீச்சு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். வருவாய் மாவட்டப் போட்டியில் பரிசு வாங்கினதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பவானி தேவி படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். நானும் ஆசையாகக் கம்பெனியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒலிம்பிக் வரை போன பெண்ணையே யாருக்கும் தெரியாதென்றால், என் மகள் இதில் போய் என்ன கிடைக்கப்போகிறது? "வயசுக்கு வர்ற புள்ளைக்கு வாள் எதுக்கு, மூஞ்சியில கீஞ்சியில பட்டா என்ன பண்றது?" என்கிறார் என் மாமியார். பி.டி. சாரோ சொந்தமாக டிரஸ்ஸும் வாளும் வாங்கச் சொல்கிறார். என்னிடம் இருப்பது ஒரு செயின்தான். அதை அடகு வைக்கலாமா? இல்லை, பத்தாவது வருவதற்குள் நிறுத்திவிடலாமா?
(பெயர் வேண்டாம், சேவூர்)

பதில்: செயினை இப்போது அடகு வைக்காதீர்கள். மகளையும் நிறுத்தாதீர்கள். இந்த இரண்டுக்கும் காரணம் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் மகள் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் இருப்பவர் வட சென்னைக்காரர். 1993-ல் பிறந்தவர், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா கோயில் அர்ச்சகர், அம்மா ரமணி இல்லத்தரசி. முருக தனுஷ்கோடி பெண்கள் பள்ளியில் ஆறாவது சேர்ந்த 2004-ல் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது மற்ற விளையாட்டுகளில் எல்லாம் இடம் நிரம்பிவிட்டது. வாள்வீச்சில்தான் இடம் இருந்தது, அதில் சேர்ந்தார். இது செலவு பிடிக்கும் விளையாட்டு, அப்பாவுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்டபோது கூட்டிச் சொல்லிவிட்டதாக அவரே பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். பயிற்சிக்கு மூங்கில் குச்சி. மின்வாளைப் போட்டியன்றுதான் தொட முடியும். பிறகு சாமான் வாங்க ரமணி அம்மா நகையை அடகு வைத்தார். நீங்கள் இன்று நிற்கும் இடத்தில்தான் அந்த அம்மாவும் நின்றிருக்கிறார்.

2007-ல், பதினான்கு வயதில், துருக்கியில் முதல் வெளிநாட்டுப் போட்டி. மூன்று நிமிடம் தாமதமாகப் போனதற்குக் கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போய், வாளை வீசக்கூட முடியாமல் திரும்பினார். பத்தாவது முடித்ததும் கேரளத்தில் தலச்சேரியிலுள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் சேர்ந்து, அங்கேயே பள்ளிப் படிப்பையும் பிரெண்ணன் கல்லூரிப் படிப்பையும் முடித்தார். 2014-ல் 23 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் வெள்ளி வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்கவில்லை. இத்தாலியின் லிவோர்னோ நகரில் நிகோலா சனோத்தியிடம் பயிற்சிக்குப் போனார். 2017-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில், உலகக் கோப்பைக்கு அடுத்த படியிலுள்ள சாட்டிலைட் போட்டியில் தங்கம்; பன்னாட்டு வாள்வீச்சில் ஓர் இந்தியர் வென்ற முதல் தங்கம் அது. அடுத்த ஆண்டு கான்பராவில் காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியிலும் தங்கம். இதில் எந்த நாளிலாவது அவர் பெயர் நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

வந்தது 2021 ஜூலை 26, திங்கட்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சுக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியராகக் களமிறங்கினார். முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்று வென்றார். அடுத்து பிரான்சின் மனோன் புரூனே. பாதி ஆட்டத்தில் 2-8, முடிவில் 7-15. தோற்றதும் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டுச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். பிரதமர் ஆறுதல் சொல்லிப் பதில் எழுதினார். நாடு முழுக்கப் பேச்சு. அர்ஜுனா விருது வந்தது. அவர் பிரதமருக்கு நினைவுப்பரிசாகக் கொடுத்த வாள் அரசு நடத்திய மின்னேலத்தில் 1.25 கோடி ரூபாய்க்குப் போனது. அந்த மன்னிப்பு எனக்கு இன்றும் மனசைப் பிசைகிறது. அவரை வென்ற புரூனே அந்த ஒலிம்பிக்கிலேயே வெண்கலம் வாங்கினார், 2024-ல் பாரிஸில் தங்கமும் வாங்கினார். அப்படிப்பட்டவரிடம், 2-8 என்று பின்தங்கிய பிறகும், இரண்டாம் பாதியில் ஐந்து தொடுதல் எடுத்த ஆட்டம் அது. மன்னிப்புக் கேட்க அதில் ஒன்றுமே இல்லை.

இனி உங்கள் கம்பெனியில் மட்டுமல்ல, விளையாட்டுப் பக்கத்தைத் தினமும் படிப்பவர்களில் பலருக்கும் தெரியாத ஒரு நாளைச் சொல்கிறேன். 2023 ஜூன், சீனாவின் வூஷி நகரில் ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப். காலிறுதியில் பவானிக்கு எதிரே ஜப்பானின் மிசாகி எமுரா, அன்றைய தேதியில் உலக சாம்பியன். பவானி 15-10 என்று அவரை வென்றார். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் சைனப் தயிபெகோவாவிடம் 14-15; ஒரே ஒரு தொடுதலில் இறுதிப்போட்டி கைநழுவியது. ஆனாலும் வெண்கலம். அந்தப் போட்டியில் இந்தியா வாங்கிய முதல் பதக்கம். என்னைக் கேட்டால், அவருடைய விளையாட்டு வாழ்க்கையிலேயே உயர்ந்த நாள் அதுதான், டோக்கியோ அல்ல. இந்த விளையாட்டில் மக்களுக்குத் தெரியும் நாள் வேறு, ஆடுபவர்களுக்குத் தெரியும் நாள் வேறு. உங்கள் மகளின் எதிர்காலத்தை முதல் நாளை வைத்து அளக்காதீர்கள், இரண்டாவதை வைத்து அளந்து பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஏன் தெரியவில்லை என்பதற்கு நம் ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த விளையாட்டைப் பார்க்க முதலில் பழக வேண்டும். மகளிடம் கேளுங்கள், அவளே சொல்வாள். களம் 14 மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்குள் அகலம். வாளில் மூன்று வகை: ஃபாயில், எப்பே, சேபர். பவானியின் வாள் சேபர். அதில் இடுப்புக்கு மேலே தலை, கை உட்பட எங்கே பட்டாலும் கணக்கு, கை மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் கிடையாது. நுனியால் குத்தலாம், விளிம்பால் வெட்டலாம். வாளிலிருந்து உடுப்புக்குள் ஒயர் போகிறது. பட்டதும் விளக்கு எரியும். இரண்டு பேரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பாய்ந்தால் இரண்டு விளக்கும் எரியும். அப்போது புள்ளி யாருக்கு? தாக்குதலை யார் முதலில் தொடங்கினாரோ அவருக்கு. எதிராளி அந்த வாளைத் தட்டித் தடுத்துவிட்டுத் திருப்பி அடித்திருந்தால், உரிமை அவருக்கு மாறிவிடும். இத்தனையும் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. நடுவர் கையைக் காட்டிய பிறகுதான் பார்ப்பவருக்கு என்ன நடந்ததென்றே புரியும். பதினைந்து தொடுதல் கொண்ட ஆட்டம், எட்டு வந்ததும் ஒரு நிமிட ஓய்வு, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். தொலைக்காட்சியில் சேனல் மாற்றும்போது தற்செயலாகப் பார்க்கிறவருக்கு இது எப்படிப் பிடிபடும்? இன்னொன்று, பெரிய போட்டிகள் எல்லாம் வெளிநாட்டில், நம் ஊரில் நேரில் பார்க்க வாய்ப்பே இல்லை.

ஊரே கொண்டாடுகிற வாள்வீச்சு வீரர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். டோக்கியோவில் ஹாங்காங்கின் எட்கர் சியுங் ஃபாயிலில் தங்கம் வென்றார். அந்த ஊருக்கு அதற்கு முன் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது 1996-ல். ஹாங்காங் மக்கள் வணிக வளாகங்களில் கூட்டமாக நின்று அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வாள்வீச்சுக் கிளப்புகளுக்கு ஓடினார்கள். அவர் பாரிஸிலும் தங்கத்தைத் தக்கவைத்தார். அமெரிக்காவின் இப்திஹாஜ் முகமதுவுக்கு ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் கிடையாது. 2016-ல் சேபர் குழுவில் வெண்கலம் மட்டுமே. ஆனாலும் ஹிஜாபோடு ஒலிம்பிக்கில் ஆடியவர் என்று உலகமே அறிந்தது, அவர் உருவில் பார்பி பொம்மை வந்தது. உக்ரைனின் ஓல்கா கார்லனை 2023-ல் ரஷ்ய வீராங்கனையோடு கைகுலுக்க மறுத்ததற்காக வெளியேற்றினார்கள். போர் நடக்கும் நாட்டுக்கு அவர் அடுத்த ஆண்டு பாரிஸில் முதல் பதக்கத்தை வாங்கிக் கொடுத்தார். புகழ் வருவதற்கு ஒவ்வொருவர் கதையிலும் ஒவ்வொரு காரணம். எதையும் திட்டமிட்டு வரவழைக்க முடியாது. அதை நம்பிச் செயினை அடகு வைக்கவும் முடியாது.

அப்படியானால் எதை நம்பலாம்? தரவரிசைப் பட்டியலை. பன்னாட்டு வாள்வீச்சுக் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளில் எந்தச் சுற்று வரை போகிறோமோ அதற்கேற்பப் புள்ளி. அடுத்த ஆண்டு அதே போட்டி வரும்போது பழைய புள்ளி போய்விடும். உங்களுக்குப் பீஸ்ரேட் தெரியும். போன வாரம் எத்தனை பீஸ் முடித்தோம் என்பதற்கு இந்தச் சனிக்கிழமை சம்பளம் கிடையாது. அதே கணக்குதான் இங்கே. பவானி டோக்கியோ போனதும் இந்தப் பட்டியலால்தான். அப்போது அவர் உலகத்தில் 45-வது இடம். ஆசியா, ஓசியானியா பகுதிக்குத் தரவரிசைப்படி இரண்டு தனிநபர் இடம் இருந்தது. 2021 மார்ச்சில் புடாபெஸ்டில் தென் கொரியக் குழு அரையிறுதிக்குப் போனதும், அதில் ஒரு இடம் பவானிக்கு உறுதியானது. வேறு யாரோ ஆடிய ஆட்டத்தில் அவருக்கு வாய்ப்பு வந்ததென்று தோன்றும். ஆனால் அந்த 45-வது இடத்தில் நிற்க அவர் ஆண்டுக்கணக்கில் ஐரோப்பாவின் சின்னச் சின்ன ஊர்களில் சாட்டிலைட் போட்டிகளும் உலகக் கோப்பைகளும் ஆடியிருக்கிறார். விமானக் கட்டணம், விசா, தங்குமிடம், பயிற்சியாளர் எல்லாமே செலவு. இந்த விளையாட்டில் பணம் போவது வாளில் குறைவு, பயணத்தில்தான் அதிகம்.

அந்தச் செலவை அவர் குடும்பம் மட்டும் தாங்கவில்லை, தாங்கியிருக்கவும் முடியாது. தமிழக அரசு உதவியது. 2015-ல் கோஸ்போர்ட்ஸ் அறக்கட்டளையின் ராகுல் டிராவிட் வழிகாட்டுத் திட்டத்தில் அவர் தேர்வானார். தமிழ்நாடு மின்வாரியத்தில் வேலை கிடைத்தது. இந்த வேலையைத்தான் நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில், தொடர்ந்து பதக்கம் வாங்குகிறவர்களுக்கு எலைட், மிம்ஸ் போன்ற நிதித் திட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் இருக்கிறது. கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் வாள்வீச்சு உண்டு. பவானி மூங்கில் குச்சி பிடித்த காலத்தில் இதில் பெரும்பகுதி கிடையாது.

இருண்ட பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பவானி முதல் சுற்றின் ஐந்து ஆட்டங்களையும் வென்று, காலிறுதியில் சீனாவின் ஷாவோ யாச்சியிடம் 7-15 என்று தோற்றார். அதில் ஜெயித்திருந்தால் பதக்கம் உறுதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்கவில்லை. டோக்கியோவின்போது கொண்டாடியவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்? இவ்வளவு உழைத்தும், இவ்வளவு உதவி கிடைத்தும் இப்படி நடக்கும். உங்கள் மகள் பவானி மாதிரி வருவாளா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. மாநிலப் பதக்கம், தேசியப் போட்டியில் ஓர் இடம், அதனால் ஒரு கல்லூரிச் சேர்க்கையும் வேலையும் என்கிற அளவுக்கு நம்பிக்கை வைத்தால், அது ஒழுங்காகப் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு எட்டக்கூடிய தூரம்தான். வாள்வீச்சில் போட்டியிடும் எண்ணிக்கை கபடியை விட, தடகளத்தை விட இங்கே குறைவு. அது உங்களுக்குச் சாதகம்.

மாமியார் பயப்படுவது நியாயமான பயம். அவருக்கு இதைச் சொல்லுங்கள். வாளுக்குக் கூர் கிடையாது. சேபரின் நுனி மடித்து மழுங்கலாக இருக்கும், விளிம்பு வெட்டாது. மொத்த எடை அரைக் கிலோவுக்குள். ஆபத்து எது என்றால், வாள் முறிவது. 1982-ல் ரோமில் உலகப் போட்டியில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், எதிராளியின் வாள் முறிந்து முகக்கவச வலையைத் துளைத்ததில் உயிரிழந்தார். ஒலிம்பிக் சாம்பியன் அவர். அந்தச் சாவுக்குப் பிறகுதான் வாளின் எஃகு, முகக்கவச வலை, உடுப்புத் துணி மூன்றுக்கும் கடுமையான தரம் வைத்தார்கள். ஆகவே உடுப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு உள்ளே மார்புக் கவசம் கட்டாயம். ஜாக்கெட்டின் லேபிளில் 350 நியூட்டன் அல்லது 800 நியூட்டன் என்று இருக்கும். துணி எவ்வளவு குத்தைத் தாங்கும் என்பதன் அளவு அது. லேபிள் இல்லாத ஜாக்கெட்டை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வலை நசுங்கிய, துரு ஏறிய முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஆட அனுமதிக்காதீர்கள். மற்றபடி நீலம் பாரிப்பதும் கணுக்கால் பிசகுவதும் வரும், அது கோ-கோவிலும் வருகிறதுதானே.

வாங்குவதை ஒரேயடியாக வாங்க வேண்டாம். கையுறை, மார்புக் கவசம், முகக்கவசம் முதலில். இவை உடம்போடு ஒட்டி அளவாக இருக்க வேண்டியவை, வியர்வை படுபவை, ஒருவர் போட்டதை இன்னொருவர் போடுவது நல்லதல்ல. பிறகு ஜாக்கெட். வளரும் பிள்ளை, இரண்டு வருஷத்தில் சின்னதாகிவிடும். எனவே மூத்த மாணவிகளிடம் பழையது கிடைத்தால் பாருங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் ஜாக்கெட் வேறு, திறப்பு வாள் பிடிக்காத பக்கம் இருக்கும். மின்வாளும், மேலே போடும் லாமே என்ற உலோக இழைச் சட்டையும் பள்ளியிலோ மாவட்டச் சங்கத்திலோ பொதுவில் இருந்தால் இப்போதைக்கு அதுவே போதும். பி.டி. சாரிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள். ஐந்தாறு பெற்றோர் சேர்ந்து ஒரு செட் வாங்கலாம்.

அந்த லாமே சட்டையை நீங்கள் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். துணியில் மின்சாரம் பாய உலோக இழை ஓட்டியிருப்பார்கள். வியர்வை உப்பில் அந்த இழை அரித்து அறுந்தால், அந்த இடத்தில் வாள் பட்டாலும் விளக்கு எரியாது. போட்டிக்கு முன்பு அதைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள், அப்படி விளக்கு எரியாத இடம் இருந்தால் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெஷினில் போடாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி ஹேங்கரில் காய விடுங்கள். ஆடி முடித்ததும் பைக்குள் சுருட்டித் திணிக்காமல் மடிப்பு விழாதபடி வைக்கச் சொல்லுங்கள். தினமும் பீஸில் ஓட்டை, ஊசிக்கோடு பார்க்கும் கண் உங்களுடையது. இந்தச் சட்டையை உங்களை விட நன்றாகப் பார்த்துக்கொள்ள அந்தப் பள்ளியில் யாரும் இருக்கமாட்டார்கள்.

பத்தாவதைப் பற்றி. பவானி பத்தாவதை முடித்துவிட்டுத்தான் தலச்சேரி போனார், படிப்பை எங்கேயும் விடவில்லை. பத்தாவது வருஷத்தில் பயிற்சியைக் காலையில் மட்டும் என்று குறைத்துக்கொள்ளலாம், அடியோடு நிறுத்தினால் கால் வேகம் போய்விடும். சேபரில் கை வேகத்தை விடக் கால் வேகம்தான் முக்கியம். 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் உங்கள் மகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. நிறுத்தாமல் இருந்தால் அத்தனையும் அவளுக்குப் பயன்படும். செயினைப் பற்றி யோசிக்க வேண்டிய நாள், அவள் மாநிலப் போட்டியில் தொடர்ந்து முதல் சில இடங்களுக்குள் வந்து, தேசியப் போட்டிக்குத் தேர்வாகி, நல்ல பயிற்சியாளர் ஒருவர் 'இவளை வெளியூருக்கு அனுப்புங்கள்' என்று சொல்லும் நாள். அப்போதும் முதலில் திருப்பூரில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பாருங்கள், உதவிக்கு விண்ணப்பம் கொடுங்கள், அதற்குப் பிறகு நகையைப் பற்றி முடிவெடுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வருவாய் மாவட்டப் போட்டியில் வாங்கிய சான்றிதழில் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். ஒதுக்கீட்டிலும் உதவித்தொகையிலும் முதலில் கேட்பது அதைத்தான். தவறு இருந்தால் இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் பள்ளி வழியாகத் திருத்தி வாங்குங்கள். மாநில வாள்வீச்சுச் சங்கத்தில் அவளைப் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் பி.டி. சாரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.